ஆபீஸ்காரனின் சட்டைக்கை

முழுக்கைச் சட்டையில் கைக்கு மடிப்பு வைப்பதா வேண்டாமா என்பதில் செல்வதாஸுக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. வைக்கவே கூடாது. மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டிரியில் அவனுக்கு அதுதான் வேலை. தங்க வருகிறவர்கள் காலையில் மாட்டிக்கொண்டு போகும் சட்டைகளை, கையில் ஒரு கோடுகூட விழாமல் தேய்த்துத் தொங்கவிட வேண்டும். ஆனால் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் அவன் ஆபீஸ்காரன். ஆபீஸ்காரனுக்குச் சட்டை போடத் தெரிந்தால் போதும்.

பொய்யை அவன் சொல்லவில்லை. கல்யாணத் தரகர் சொன்னார், இவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். பெண் பார்க்கப் போன அன்று பிரிஜாவின் அம்மா நேசம்மாள், "கடலுக்குப் போறவனுக்கு எம்புள்ளைய குடுக்க மாட்டேன்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். அவள் புருஷனைக் கொண்டுபோன கடல் உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. தரகர் உடனே, "பையனுக்கு மஸ்கட்டுல ஆபீஸ் வேலயாக்கும்" என்று எடுத்துவிட்டார். கல்யாணம் முடிந்ததும் பிரிஜாவிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தான். அதற்குள் லீவு முடிந்துவிட்டது. சரி, போனில் சொல்லலாம் என்றால் போனில் எப்படிச் சொல்வது? துணி தேய்க்கவா கடல் தாண்டிப் போனான் என்று ஊர் சிரிக்கும். ஊர் கிடக்கட்டும், பிரிஜா சிரித்துவிட்டால்? பொய்க்கு வயசு ஏற ஏற அதை ஒப்புக்கொள்வது பெரும்பாடு.

இந்த லீவுக்கு அவன் வந்தது கொழுந்தியாள் அபினாவின் கல்யாணத்துக்கு. அன்று காலை மாமியார் வீடு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. பிரிஜா கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டு அவனுடைய சந்தன நிறச் சட்டையைத் தேய்த்தாள். அந்த ஊரில் முழுக்கை என்றால் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மடிப்பு கத்தியாக நிற்க வேண்டும். பிரிஜாவின் மடிப்போ ஒன்றுக்கு இரண்டாக, ரயில் தண்டவாளம் போல ஓடியது. பூக்காரர் வந்துவிட்டார் என்று யாரோ கூப்பிட, அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள்.

செல்வதாஸ் சட்டையைப் பார்த்தான். பார்க்காமல் இருக்கவும் பார்த்தான். பழகிய கை சும்மா இருக்குமா? எழுந்து கதவைச் சாத்தினான். ஒரு துவாலையை இறுகச் சுருட்டிச் சட்டைக்கைக்குள் நுழைத்து, தண்ணீர் தெளித்து, சுற்றிச் சுற்றித் தேய்த்தான். தண்டவாளம் இரண்டும் போன இடம் தெரியவில்லை. அந்தச் சூட்டோடு காலரையும் திருப்பிப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தான். நிமிர்ந்தால், திறந்த கதவருகே பூப்பொதியோடு பிரிஜா. எப்போது வந்தாளோ, எவ்வளவு நேரம் நிற்கிறாளோ.

அவன் வாயைத் திறக்குமுன் அவளுடைய அண்ணன் யேசுரத்தினம் உள்ளே நுழைந்தான். மீன் வண்டி ஓட்டுகிறவன். பேச்சும் ஹாரன் மாதிரிதான் இருக்கும். சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏட்டி, இது யாருட்டி தேச்சது? கையில ஒரு கோடு இல்ல! கடையில தொங்குத புதுச்சட்டை தோத்துப் போவும்."

"நான்தான்" என்றாள் பிரிஜா.

"அப்பம் எனக்க சட்டையையும் தேச்சுத் தா."

விஷயம் பரவ எவ்வளவு நேரமாகும்? பெரியப்பா சட்டை வந்தது, மாமன் சட்டை வந்தது, யாரென்றே தெரியாத ஒருவருடைய சட்டையும் வந்தது. எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தாள். பிறகு கதவைத் தாழிட்டு, அயர்ன் பாக்ஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தேயுங்க."

அவன் தேய்க்கத் தேய்க்க அவள் பொத்தான் போட்டு அடுக்கினாள். வெளியே யாரோ செல்வதாஸைத் தேட, "ஆளு குளிக்கப் போயிருக்காரு" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"பிரிஜா, ஆபீஸ்னு சொன்னது..."

"தெரியும்." அவள் அவன் முன்கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்பக்கம் சூட்டுத் தழும்புகள் பழசும் புதுசுமாகக் கிடந்தன. "மொத லீவுலயே பாத்தாச்சு. ஆபீஸ்ல என்ன, பேனாவா சுட்டுது?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறவு ஏன் கேக்கல்ல?"

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன். எனக்கிட்ட சொல்லதுக்கு என்ன வெக்கம்?" அடுத்த சட்டையை உதறி அவன் முன்னால் விரித்தாள். "அம்மைக்கு மட்டும் தெரியாண்டாம். அவளுக்கு அந்த ஆபீஸ்தான் நிம்மதி."

கோயிலுக்குக் கிளம்பும்போது முற்றத்தில் நின்ற ஆண்களில் ஒருத்தர் சட்டைக்கையிலும் மடிப்பில்லை. நேசம்மாள் சொந்தக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் எனக்க மக தேச்சது. ஆபீஸ்காரனுக்கு வாக்கப்பட்டவளுக்கு இது தெரியாண்டாமா?"

பிரிஜா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைத்தான் செல்வதாஸால் தாங்க முடியவில்லை. நாமாவது பேசாமல் இருந்தோம், இவளை வாயைத் திறந்தே பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று மனசு குத்தியது.

"தேச்சது நானாக்கும் மாமி. மஸ்கட்டுல எனக்க வேல அதுதான். ஆபீஸ் இல்ல."

யேசுரத்தினம் தன் சட்டைக்கையைப் பார்த்தான், மச்சினனைப் பார்த்தான், மறுபடி சட்டைக்கையைப் பார்த்தான். ஹாரன்கூட அடிக்கவில்லை. நேசம்மாள் மருமகன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கப்பல்லயா?"

"இல்ல மாமி. ஓட்டல்ல."

"கரையிலயா?"

"கரையிலதான்."

"பொறவென்ன மக்கா? நான் கேட்டது அது ஒண்ணுதானே?"

செல்வதாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைப்பதற்காகச் சட்டைக்கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

"ஐயோ, கை கசங்கிரும்!" என்று கத்திய பிரிஜா, தன் சேலைத் தலைப்பை நீட்டினாள்.