பாதி ஷட்டர்

அந்தத் தெருவில் ஒரே நாளில் பத்தொன்பது கடைகளை மூடியவள் நான். அதில் பதினெட்டு ஏற்கெனவே மூடியிருந்தவை. பாக்கி ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் வேலை அப்படி. கைபேசியில் வரைபடம் பார்த்து வழி தேடுகிறீர்களே, அதில் எந்தக் கடை இருக்கிறது, எது இல்லை என்று யாராவது நடந்துபோய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் வானத்திலிருந்து தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வானத்திலிருந்து மொட்டைமாடிதான் தெரியும். கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க, கழுத்தில் வரைபடக் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு குதிகால் வலியோடு அலைகிற என்னை மாதிரி ஒருத்தி வேண்டும். ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்: திறந்திருக்கிறது, தற்காலிகமாக மூடியிருக்கிறது, நிரந்தரமாக மூடப்பட்டது. ஒரு நாளைக்கு அறுபது கடை. மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அலாரம். மணிக்கொரு தடவை கூப்பிட்டு, "எத்தனை ஆச்சு?" என்பார். வணக்கம்கூடக் கிடையாது.

அன்றைக்கு எனக்கு விழுந்தது நான் பிறந்து வளர்ந்த தெரு. அம்மா போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு போனவள், பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். பதினோரு வருஷத்தில் ஐம்பது நிமிஷம் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். நானே நம்பவில்லை.

சகுனம் மாதிரி பஸ்ஸிலேயே என் இடது செருப்பின் பக்கிள் பிய்ந்துபோனது. பையில் கிடந்த ஊக்கை எடுத்து, அம்மா குத்துகிற மாதிரியே தலை கீழே பார்க்கக் குத்தி ஒப்பேற்றிக்கொண்டு நடந்தேன்.

முனையில் கடிகாரக் கடை இருந்தது. சுவரெல்லாம் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். எது சரி என்று கேட்டால் கடைக்காரர் மேலே மாடியைப் பார்த்து, "ஏம்மா, மணி என்ன?" என்று மனைவியைக் கேட்பார். இப்போது அங்கே கைபேசி உறை விற்கிறார்கள். கேசட் கடை பல் மருத்துவரிடம் போய்விட்டது. அந்தக் கடை வாசலில் நின்று நான் கேட்காத பாட்டில்லை, ஆனால் ஒரு கேசட்கூட வாங்கியதில்லை. அதற்கும் சேர்த்து இப்போது வருத்தப்பட்டேன். சைக்கிள் கடை உடற்பயிற்சிக் கூடமாகியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பேர் நகராத சைக்கிளை வேர்க்க வேர்க்க மிதித்துக்கொண்டிருந்தார்கள். நகர்கிற சைக்கிளை வாடகைக்கு விட்ட மனிதர் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

எழுதுபொருள் கடைக்காரரை நினைத்தபோதுதான் நெஞ்சு கனத்தது. எந்தப் பேனா கேட்டாலும் எழுதிப் பார்த்துத்தான் கொடுப்பார், எழுதுவது எப்போதும் அவருடைய கையெழுத்துதான். அந்தத் துண்டுக் காகிதத்தை நோட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். அந்தப் பேட்டையில் அவர் கையெழுத்து இல்லாத வீடே கிடையாது. அவர் கடை இருந்த இடத்தில் இரண்டு பணம் எடுக்கும் இயந்திரங்கள் நின்றன. ஒன்று பழுது.

ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனேன். நிரந்தரமாக மூடப்பட்டது. நிரந்தரமாக மூடப்பட்டது. வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் வேலை வேகமாக நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூடிய கடையில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டு மணி வாக்கில் பொத்தான் கடைக்கு வந்தேன்.

அகலம் குறைவான கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒரு பொத்தானோ பக்கிளோ தைத்திருக்கும். எங்கள் வீட்டில் அம்மா தையல் மெஷின் போட்டிருந்தாள். ஒற்றைப் பொத்தானைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "இதுக்கு ஜோடி வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்புவாள். கடைக்காரியை நான் அத்தை என்று கூப்பிட்டேன். சொந்தமில்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே தோழி. பள்ளி விட்டதும் அந்தக் கடை மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதம் முழுக்க, தினமும் காலையில் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டது அத்தைதான்.

இரண்டிலிருந்து மூன்றுவரை அத்தை ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு, விளக்கை அணைத்து, தரையில் கால் நீட்டிச் சாய்ந்திருப்பாள். மூடிவிட்டதாக அர்த்தமில்லை. வெளியே நின்று ஒரு குரல் கொடுத்தால் எழுந்து வருவாள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். நான் குரல்கூடக் கொடுக்க மாட்டேன், குனிந்து நுழைந்துவிடுவேன்.

அன்றைக்கும் ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. பெயர்ப்பலகையில் எழுத்து வெளுத்திருந்தது. உள்ளே இருட்டு. நின்றேன். கைபேசி அடித்தது.

"எத்தனை ஆச்சு?"

"நாப்பத்தி ஒண்ணு."

"இவ்வளவுதானா?"

மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. பாதி ஷட்டருக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. கூப்பிட்டால் அத்தை வருவாள். "எங்கடி போன இத்தனை வருஷமா?" என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவுக்குத் தலை வாரிவிட்டவளை நான் ஒரு தடவைகூடத் திரும்பி வந்து பார்க்கவில்லை. அத்தையாவது இன்னும் கடை வைத்திருப்பதாவது, யாரோ பழைய சாமான் போட்டு வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரல் மூன்றாவதைத் தொட்டது. நாற்பத்திரண்டு.

நான்கு மாதம் கழித்து அலாரம் கூப்பிட்டார். "அந்தத் தெருவுல ஒரு கடை மூடவே இல்லைன்னு மூணு தடவ புகார் வந்திருக்கு. நேர்ல பாத்தது நீதானே? உன் பேச்சைத்தான் எடுத்துக்கிட்டோம். எதுக்கும் இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடு."

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை ஷட்டர் முழுக்க மேலே இருந்தது. ஷட்டரை மாட்டுகிற கொக்கியைக்கூட மறைத்துக்கொண்டு வாசல்வரை மூட்டைகள். சுவரில் பெட்டிகள் இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. நடுவில் முக்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதில் இலாஸ்டிக் கட்டி மாட்டியிருந்தாள்.

"வாடி," என்றாள், நேற்று வந்துபோனவளிடம் சொல்வதுபோல.

"என்ன அத்தை இது, எல்லாம் மூட்டை கட்டியிருக்கு?"

"கடைய விட்டாச்சு. வெள்ளிக்கிழமை சாவி குடுக்கணும்."

"ஏன் அத்தை?"

"ஆள் வரல. இந்தத் தெருவுல இருந்த தையக்காரங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்க. ஆனா வெளியிலேருந்து வந்துக்கிட்டிருந்தாங்க, போனைப் பாத்துக்கிட்டு. ஒத்தப் பொத்தான் தொலைஞ்ச கோட்டைத் தூக்கிக்கிட்டு ஊர்க் கோடியிலேருந்து வருவாங்க. என் மருமகதான் அதுல கடை பேரைப் போட்டுவிட்டா. நல்லாத்தான் போச்சு. திடீர்னு ஒரு நாள்லேருந்து ஒருத்தரும் இல்ல. சரி, ஈ ஓட்டலாம்னு பாத்தா, ஈகூட போனைப் பாத்துட்டுத்தான் வரும்போல."

அவளே சிரித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கடைய மூடியாச்சுன்னு அதுல போட்டுட்டாங்களாம். மருமக மூணு தடவ எழுதிப் போட்டா. நேர்ல வந்து பாத்தவங்க சொல்றதுதான் செல்லும்னு பதில் வந்துச்சாம். நான் உள்ளதான் உக்காந்திருக்கேன். நான் இருக்கேன்னு நானே சொன்னா செல்லாதாம்."

கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைக்குள் தள்ளினேன். அத்தையின் கண் அதன்மேல் ஒரு நொடி நின்றுவிட்டு என் காலுக்கு இறங்கியது.

"அத்தை, அது வந்து..."

"முதல்ல அந்தச் செருப்பைக் கழட்டு."

நான்கு மாதமாகியும் அந்த ஊக்கோடுதான் நடந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவளுக்குப் பக்கிள் மட்டும் விதிவிலக்கா? கழற்றிக் கொடுத்தேன். அத்தை மூட்டை எதையும் பிரிக்கவில்லை. மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த ஒரே பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சதுரமாக, பித்தளை நிறத்தில் ஒரு பக்கிள். என் வலது செருப்பில் இருந்ததற்கு அச்சு அசல் ஜோடி.

"அன்னிக்கே எடுத்து வச்சது."

"என்னிக்கு?"

"ஷட்டருக்கு அடியில ரெண்டு காலு வந்து நின்னுச்சே, அன்னிக்கு. இடது வாருல ஊக்கு, தலை கீழ பாத்து. அப்படிக் குத்துறவ உங்கம்மா ஒருத்திதான். அவ போயிட்டா. அப்ப நீதானே?" ஊசியில் நூல் கோத்தாள். "பழையபடி குனிஞ்சு நுழைவேன்னு மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தேன். உள்ள வந்ததும் பயமுறுத்தலாம்னு. காலு திரும்புச்சு. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள நீ முனை தாண்டிட்ட. சரி, அவசர வேலையா இருக்கும், திரும்பி வருவான்னு இதை எடுத்து வச்சேன்."

"நான்தான் அத்தை மூடினேன். நான்தான் அப்படிப் போட்டேன்."

"இப்பதான் தெரியும். அட்டையப் பாத்தேனே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வாரில் பக்கிளை வைத்து, நான்கு தையல் இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை. நான் கைபேசியை எடுத்தேன்.

"இப்பவே மாத்திடறேன் அத்தை. ஒரே நிமிஷம்."

"எதை மாத்துவ?" செருப்பை என் காலடியில் வைத்தாள். "கடைதான் இல்லையே. நீ போட்டது இப்ப சரியாத்தான் இருக்கு. விடு."

செருப்பை மாட்டிக்கொண்டேன். ஊக்கை அத்தை கொடுக்கவில்லை, தன் சட்டையில் குத்திக்கொண்டாள். தலை கீழே பார்க்க.

"ரெண்டாச்சு. நான் கொஞ்சம் சாயணும். கிளம்பு, உனக்கு வேலை கெடக்கும்."

நான் வெளியே வந்தேன். அவள் மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினாள். விளக்கு அணைந்தது. என் கால்கள் இரண்டும் போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றன.

"அத்தை," என்றேன். சத்தமாகக்கூட இல்லை.

"என்னடி?"

உடனே வந்தது குரல். அன்றைக்கும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கும்.