மாப்பிள்ளை நடந்து வரும் படம்

தங்கச்சி பெட்டியைத் திறந்து வைத்து, தன் புருஷனின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எல்லாம் நேற்று ராத்திரி டிவியில் போட்ட அந்தப் போர் ஆவணப்படத்தால் வந்த வினை. ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்த மறுநாள் தப்பி வந்த சனங்கள் என்று ஒரு குரல் கனமாகச் சொல்ல, தலையில் மூட்டையோடு ஒரு ஆள் ரோட்டில் வருகிறார். எங்கள் மாப்பிள்ளையேதான். அந்த ஆஸ்பத்திரியில் தொடையில் காயத்தோடு கிடந்தவர். உடம்பு கிடைக்கவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், எல்லை தாண்டிப் போய்த் தேடப்போகிறேன் என்று இவள் கிளம்பிவிட்டாள். எல்லையில் இன்னும் சுடுகிறார்கள்.

"கால் எப்படி ஆறிப்போச்சு பாருண்ணா. நொண்டாம நடக்கிறாரு."

படம் ஓடும்போதே அவள் இப்படிச் சொன்னாள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. ஒரே ராத்திரியில் எந்தக் காயம் ஆறும்? இன்று காலையிலேயே படம் எடுத்தவனைத் தேடிப் போய்விட்டேன். தேனாகப் பேசினான். தேனாகப் பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"அன்னைக்கு அங்க எந்தக் கேமராவும் இல்லைங்க ஐயா. அதனால முந்தின வருஷம் சனங்க ஊரக் காலி பண்ணினப்ப எடுத்ததப் போட்டோம். எல்லாரும் செய்றதுதான்."

"அத எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எழுதினா பாக்கறவங்க மனசுல ஒட்டாதுங்க."

"உன் படம் ஒட்டுறதுக்கு என் தங்கச்சி சாகணுமா?"

அவன் முகம் செத்துப்போனது. வெட்டாத முழுப் படத்தையும் ஓடவிட்டான். பார்த்துவிட்டு, அதை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்தேன்.

"அது பழைய படம் தங்கச்சி. ஏமாத்திட்டாங்க."

"நீ யாரத்தாண்ணா நம்பியிருக்க? பால்காரன நிக்க வச்சே பாலக் காய்ச்சிப் பாத்த ஆளு நீ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். குண்டு விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பாக்கெட்டில் பென் டிரைவை விரலால் உருட்டிக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். காட்டினால் இந்தச் சிரிப்பு போய்விடும். காட்டாவிட்டால் இவளே போய்விடுவாள். வெளியே அவளைக் கூட்டிப்போக வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். டிவியில் சொருகினேன்.

ரோடு, புழுதி, மூட்டையோடு மாப்பிள்ளை. பேசுகிற குரல் இல்லை, காற்று இரைச்சல்தான். அவர் திரும்பி யாரையோ பார்த்துக் கத்தினார். நேற்று டிவியில் அதோடு வெட்டியிருந்தார்கள். இதில் மேலே ஓடியது. அறுந்த செருப்பை ஒரு கையிலும் குடத்தை மறு கையிலும் பிடித்தபடி ஒரு பெண் ஓடிவந்தாள். மூச்சிரைக்க அவரை எட்டிப் பிடித்துப் பதிலுக்குச் சண்டை போட்டாள்.

"அண்ணா... அது நானு."



சண்டை போட்டுக்கொண்டே இருவரும் படத்தின் ஓரத்துக்கு நடந்து மறைந்தார்கள். பின்னால் வேறு சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஹாரன் மறுபடி அடித்தது. பாதி மடித்த சட்டையோடு தங்கச்சி எழுந்து, அவர்கள் மறைந்த பக்கமாக ரெண்டு எட்டு வைத்து, டிவியைத் தாண்டி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.