நாற்பது குதிரையும் ஒரு கையும்

“நாப்பது குதிரைய ஒத்தக் கையால புடிச்சு நிறுத்துன ஆளுடா எங்கண்ணன்! நல்லா அடிங்கடா!” என்று செத்தவரின் தம்பி ஆதிமூலம் கத்தியதும் மேளக்காரர்கள் அடித்த அடியில், கல்வராயன் மலை நாலடி பின்னால் தள்ளிப் போயிருக்கும்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த எழில்மதி நிமிர்ந்தாள். உள்ளே அப்பா பச்சமுத்து. காலையில் டீயைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே சாய்ந்துவிட்டார். வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது. காலிச் சட்டைக்கையை அம்மா ராஜாம்பாள் மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள்.

குதிரை என்றால் வால் முளைத்த குதிரை அல்ல. கச்சிராயபாளையம் சாலையில் இருந்த ஜவ்வரிசி ஆலையில், மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் டிரம்மைச் சுழற்றிய நாற்பது குதிரைத்திறன் மோட்டார். வெள்ளிமலையிலிருந்து லாரி லாரியாகக் கிழங்கு இறங்கும். மலையையே தோலுரித்துக் கொட்டினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் அந்த டிரம் மாவாக்கிவிடும். அங்கே படிப்புக்குத் தக்க இடம் உண்டு. எட்டாவது வரை போனவன் மூட்டை தூக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவன் ஸ்பானர் பிடிக்கலாம். டிப்ளமோ என்றால் ஸ்பானர் பிடித்தவனைத் திட்டலாம். பி.இ. என்றால் எல்லாரையும் திட்டிவிட்டு ஏசி அறைக்குள் போய்விடலாம். ஐந்தாவதோடு நின்ற பச்சமுத்து கிழங்கு தள்ளினார். அவருடைய மச்சான், ராஜாம்பாளின் தம்பி சிவசங்கர், பி.இ. முடித்து அதே ஆலைக்கு எஞ்சினியராக வந்தார், கழுத்தில் நாடாவும் அடையாள அட்டையுமாக.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் ஓடுகிற டிரம்மை எட்டிப் பார்த்தார். நாடாவை ஷாஃப்ட் கவ்வியது. எஞ்சினியரும் ஜவ்வரிசியாகப் போகிற நேரம். சுவிட்சோ அடுத்த அறையில். பச்சமுத்து பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வலது கையைத் திணித்தார். கையும் பெல்ட்டும் முறுக்கிக்கொண்டு சக்கரத்தை இறுக்க, டிரம் திணறி நின்றது. எலும்பு நொறுங்கிய சத்தம் எலவனாசூர்கோட்டை வரை கேட்டது என்பார் பச்சமுத்து. ரத்தம் கூரையில் அடித்து, அங்கிருந்த புறாக்கள் சிவப்பாகப் பறந்தன என்பார். கதை வருடா வருடம் கொழுத்தது. குதிரைகள் மட்டும் நாற்பதைத் தாண்டவில்லை. அது மோட்டாரிலேயே எழுதியிருந்தது.

ஊரே நம்பிய அந்தக் கதையை நம்பாதவர் ஒரே ஒருவர்தான். பிழைத்தவர்.

கரண்ட் போனது, மெஷின் தானாக நின்றது, பச்சமுத்து பதற்றத்தில் கையை விட்டுவிட்டார் என்பதே சிவசங்கரின் கட்சி. விபத்துப் புத்தகத்தில் ‘தொழிலாளியின் அறியாமை’ என்று எழுதியதும் அவர்தான். எழில்மதி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த முதல் வருடம், பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்த விருந்தினரும் அவரே. “அஞ்சாவது படிச்ச ஒருத்தன் ஓடுற பெல்ட்ல கைய வெச்சான். படிப்பு இல்லன்னா இதான் கதி” என்றார். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த அக்கா மகளை அவர் பார்க்கவில்லை. அன்று அவள் அரம் போட்ட இரும்புக்கட்டி சாயங்காலத்துக்குள் தையல் ஊசியாகிவிட்டது.

இன்று பாடை தூக்குவதற்குள் சிவசங்கர் மாமாவின் வாயிலிருந்து உண்மை வர வேண்டும். அப்புறம் வந்து யாருக்கு என்ன?

மணலூர்பேட்டையிலிருந்து ஒரு வேன் ஆட்களோடு சிவசங்கர் கோடிப் புடவையை ஏந்தி வந்தார். பிறந்த வீட்டுக் கோடி விதவையின் மேல் விழாமல் பிணம் நகராது. ஆதிமூலத்தின் கூச்சல் காதில் விழவும் முகம் சுளித்தார்.

“எளவு வூட்லயாவது பொய்ய வுடாம இருக்க மாட்டீங்களா மச்சான்? அன்னிக்குக் கரண்ட் போச்சு.”

ஆதிமூலத்தின் கை சிவசங்கரின் வாயில் விழுந்தது. பறந்துபோன ஒரு பல் மேளத்தில் விழுந்து தனியாக ஒரு தாளம் போட்டது.

“எங்க ஆளு மேலயே கைய வெச்சிட்டியா?” என்று மணலூர்பேட்டை வேன் முழுவதும் பாய்ந்தது. பாடைக்கு வெட்டி வைத்திருந்த மூங்கில் நாலு முதுகில் முறிந்தது. ஒருவன் நெற்றி பிளந்து, ரத்தம் மாலைகளின் மேல் சொட்டியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் காக்கைக் கூட்டம்போல் பறந்தன. ஐஸ் பெட்டி ஒரு பக்கம் சாய, எழில்மதி தோளைக் கொடுத்துத் தாங்கினாள். உள்ளே அப்பாவின் தலை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

“வாயில குத்தாதடா, அவரு பல்லு கூட டிகிரி வாங்கிக்கீது!” என்று கூட்டத்தில் ஒரு கிழவி கத்தினாள்.

ராஜாம்பாள் எழுந்தாள். “நிறுத்துங்கடா! எனக்கு இந்தக் கோடி வாணாம். அந்த ஆளு பொய்யன்னா, பொய்யன் பொண்டாட்டிக்கு இன்னாத்துக்குடா கோடி?”

மூங்கில்கள் தாழ்ந்தன. சிவசங்கர் வாயைப் பொத்தியபடி, “நான் இன்னா பண்ணட்டும்க்கா? கரண்ட் போச்சு, நின்னுச்சு” என்றார்.

எழில்மதி பெட்டியை நேராக்கிவிட்டு வந்தாள். அம்மாவின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“கரண்ட் போச்சு மாமா. எண்ணுங்க.”

இறக்கைகள் சுற்றின. அவளே சத்தமாக எண்ணினாள். இருபத்துமூன்றில் ஃபேன் நின்றது.

“இத்துனூண்டு ரெக்கைக்கு இருவத்திமூணு. அந்த டிரம்மு எத்தினி கிலோ?”

“எழிலு...”

“நீங்க பி.இ. நானு வெறும் ஐ.டி.ஐ. சொல்லுங்க மாமா.”

“எரநூறு.”

“எரநூறு கிலோ, கரண்ட் போனா எவ்ளோ நேரம் சுத்தும்?”

அவர் வாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. “ரெண்டு நிமிசம்.”

“நாடா ஒங்க கழுத்துல இருந்துச்சு. ஒடனே எப்பிடி நின்னுச்சு?”

சிவசங்கரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“கரண்ட் போவல” என்றார். “மேல குண்டு பல்பு எரிஞ்சிகினுதான் இருந்துச்சு. ஒரு ஈசல் அதுல முட்டி முட்டி வுழுந்துக்கினு இருந்துச்சு. நாடா கழுத்த இறுக்கச்சே நான் அதையேதான் பாத்துக்கினு இருந்தேன்.”