உள்ளங்கைக் கூச்சம்

…கூச்சம் இருக்காம்மா என்றுதான் கேட்டார், ஆமாம், அந்தச் சொல்தான், அவளும் அதற்குத்தான் பதில் சொன்னாள், அய்யய்யோ அதெல்லாம் இல்லைங்க சார் என்று, அப்புறம் ஏன் டாக்டரின் முகம் மாறியது, ஏன் ஆபரேஷன் என்றார்… அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோவில், மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒடுங்கியிருந்த தமிழ்வாணி மடியில் தூங்கும் மகனைப் பார்த்தாள். நான்கு மாதப் பிள்ளை, வலது கையில் மட்டும் நீலச் சாக்ஸ். பிறக்கும்போது தோள் சிக்கி, நரம்பு இழுபட்டு, அன்றிலிருந்து துவண்டு கிடக்கிற கை. பேர் வைக்கிற அன்று நாத்தனார் அன்னக்கொடி மதினி மாட்டிவிட்டது, "நாலு பேரு வருவாக, அந்தக் கைய மூடு, கேட்டா நகம் கீறிரும்னு சொல்லு" என்று. விசேஷம் முடிந்தும் கழற்றவில்லை, மதினி சொன்னதால் மட்டும்தானா… இன்று டாக்டர் முன்னால்கூட அதை உருவத் தயங்கினாள், அதைக் கவனித்துவிட்டுத்தான் கேட்கிறார், வெட்கமா என்கிறார் என்று நினைத்தாள்.

"என்னத்தா, வெளிய இந்தக் கொதி கொதிக்குது, புள்ளைக்குச் சாக்ஸு? ஊட்டிக்கா போறீக?" புதுக் குக்கரை மடியில் கட்டிப்பிடித்திருந்த எதிர்சீட்டுக்காரி கேட்டாள். நகம் கீறிருதுக்கா, வாய் தானாகச் சொன்னது. "அப்ப இடது கையில நகமே மொளைக்கலையாக்கும்?" டிரைவர்கூடச் சிரித்தார், சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டான். டாக்டர் பார்த்தபோது பால் குடித்த அசதியில் அசையவே இல்லை, அதனால்தானே அவளிடம் கேட்டார்… அதற்கு முன்னால் என்னவோ விளக்கினாரே, தோலில் ஊறுகிற வளர்ச்சிப் பொருள் ஒன்றுதான் நரம்பு நுனியைத் தன்பக்கம் இழுத்து உயிரோடு வைக்குமாம், அந்த நரம்பு வழியே தொடுகிற சேதி போகப் போகத்தான் மூளையில் இது கை, இது முகம் என்று வரைபடம் விழுமாம், கையிலிருந்து சேதி வராவிட்டால் பக்கத்திலிருக்கும் முகம் அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளுமாம். ஒத்தக்கடையில் வாங்கிப்போட்ட பிளாட்டை எட்டிப் பார்க்காமல் விட்டதில் பக்கத்துக்காரர் எல்லைக்கல்லைத் தள்ளி நட்டது மாதிரி. உள்ளங்கையில் உணர்வு இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம் என்றார், பிறகுதான் கேட்டார், தொட்டா கூச்சம் இருக்காம்மா… பிள்ளைக்கு. அவளுக்கு வெட்கமா என்று கேட்கவில்லை. அவள் இல்லை என்றாள், அவரும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

சாக்ஸை உருவினாள். வியர்வையில் ஊறி வெளுத்த கை. உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள், அதே நேரம் ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியது, பிள்ளை முகத்தைச் சுளித்தான், விரலாலா, குலுக்கலாலா… அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்கண்ணே. "எறங்கணுமாம்மா?" இல்லண்ணே, சும்மா நிக்கட்டும். வண்டி ஓரமாக நின்றது, எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள், பார்க்கட்டும். விரலை மறுபடி வைத்தபோதுதான் தோன்றியது, குளிப்பாட்டுவது மதினி, துடைப்பது மதினி, இத்தனை நாளும் தன் விரல் அறிந்தது சாக்ஸின் நூலை மட்டும்தான், இந்தத் தோல் இம்புட்டு மெத்தென்று இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது… தன் மண்டைக்குள் மட்டும் இந்தக் கைக்கு இடம் இருந்ததா என்ன?