ஸ்டியரிங்குக்குக் கீழே

ஜெஸ்மியின் காரில் ரேடியோ போட்டால் பாட்டுக்கு நடுவே 'டிட்-டிட்-டிட்' என்று இரைச்சல் வந்தது. அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவிலுக்கு, அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழியில் அந்த ரேடியோதான் துணை. கணவன் ஷிபின் மஸ்கட்டில் இருந்தான்.

அவள் தம்பி எட்சன் ஊரிலேயே காருக்கு வயரிங் பார்க்கும் கடை வைத்திருந்தான். முதலில் ஏரியலை மாற்றினான். சத்தம் போகவில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது என்று சொல்லி, இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் வைத்தான். அப்படியும் போகவில்லை.

“பழைய செட்டு அக்கா. சவுண்டக் கொறச்சு வச்சுக் கேளு,” என்றான்.

தம்பியே கைவிட்டதை வேறு யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரு சனிக்கிழமை, சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்குப் பூ வாங்கத் தோவாளைக்குப் போனபோது, சந்தைக்குப் பக்கத்தில் சிவபிரசாத் என்பவரின் கார் எலக்ட்ரிக்கல் கடையைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள்.

அவர் என்ஜினை அணைத்துவிட்டு ரேடியோவைக் கேட்டார். சத்தம் அப்படியே இருந்தது.

“அப்போ ஆல்டர்னேட்டர் இல்ல.”

போன் சிக்னலாலும் இப்படிச் சத்தம் வரும் என்று, அவளுடைய போனைத் தூரத்தில் கொண்டு வைக்கச் சொன்னார். அப்போதும் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே பேனலைக் கழற்றினார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே சிம் கார்டோடு, டேப் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது.

“ஜிபிஎஸ். வண்டி எங்க நிக்குன்னு போன்ல பாக்கலாம். நீங்க வச்சது இல்லியா?”

இல்லை என்று தலையசைத்தாள். அவர் வயரைப் பிடுங்கினார். ரேடியோவில் பாட்டு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஷிபின் அழைத்தான்.

“வண்டிக்கு என்ன ஆச்சு? தோவாளையில எதுக்கு நிக்க?”

தோவாளைக்குப் போவதாக அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பேசாமல் துண்டித்துவிட்டு எட்சனை அழைத்தாள்.

“ஏலே, எனக்க வண்டிக்குள்ள ஜிபிஎஸ் வச்சது நீயா?”

“அத்தான்தான் வைக்கச் சொன்னாவ. உனக்க பாதுகாப்புக்குன்னு.”

“சத்தம் எதுனாலன்னு தெரிஞ்சேதான் ஏரியல மாத்தினியா?”

“உனக்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்தான் சொன்னாவ.”

“நீயும் பாப்பியா?”

“எப்பவாவது.” அவன் குரல் ஏறியது. “போன வியாழக்கிழமை வட்டக்கோட்டைக்கு எதுக்குப் போன? சாயங்காலம் முழுக்க வண்டி அங்கதான் நின்னுது. அத்தான் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

அன்று அவள் வார்டில் ஒரு குழந்தை இறந்திருந்தது. அதைக் கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்தவள் அவள்தான். நேரே வீட்டுக்குப் போக முடியாமல் வட்டக்கோட்டைக் கடலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள். சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், கேட்க இவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி எட்சனின் கடைக்குள் போய், ஆட்கள் பார்க்க, பெட்டியை மேசையில் வைத்தாள்.

“அத்தானுக்கு அனுப்பிரு,” என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எட்சன் கேக் கொண்டுவந்தான். ஜெஸ்மி கேட்டுக்கு உள்ளே நின்றே, டியூட்டிக்கு நேரமாகிறது என்றாள். அன்று அவளுக்கு லீவு. அவனுக்கும் அது தெரியும். கேட்டை அவள் திறக்கவில்லை.