ஏப்ரல் ஒன்பது

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித்தரும் சின்ன நிறுவனம் அது. அங்கே சர்வர் பக்கத்து வேலை முழுக்க அவள் பொறுப்பு. டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள், நேரம், அறை எண் எல்லாம் அவள் எழுதிய ஏபிஐ என்ற இணைப்பு நிரல் வழியாகத்தான் நோயாளிகளின் கைபேசிக்குப் போகும். அவளுடைய மாமனார் கண் அழுத்த நோய்க்குப் போய்வந்ததும் அந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றுக்குத்தான். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். வரவேற்பறையில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், "இது எங்க மருமக செஞ்ச ஆப்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் ஏபிஐ தேதியை அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது என்று வரவேற்பறைப் பெண்கள் முணுமுணுக்க, மேலாளர் அவள் மேசைக்கு வந்து நின்றார். நாள், மாதம், வருடம் என்று திருப்பி எழுதும் சின்ன நிரல் ஒன்றை அவள் சேர்த்தாள். கைபேசி ஆப்பைக் கவனிப்பவன் பக்கத்து மேசைக்காரன். பழைய வடிவத்திலேயே அனுப்பு, காட்டும்போது அந்தந்தத் திரை மாற்றிக்கொள்ளட்டும், அதுதான் பத்திரம் என்று சொல்லிப் பார்த்தான். இத்துனூண்டு விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைய தேதியை வைத்தே இருவரும் சோதித்தார்கள். இருபத்தைந்து. கைபேசியில் சரியாகத் தெரிந்தது.

முதலில் வரும் எண்ணை மாதம் என்றுதான் கைபேசி எடுத்துக்கொள்ளும். இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அன்று தானே புரட்டிப் போட்டுக்கொண்டது. நாள் பன்னிரண்டுக்குள் இருந்தால் புரட்டாது. இது இருவருக்குமே தெரியவில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் மாமனார் அலுவலகத்துக்கே போன் செய்தார்.

"ஏம்மா, கண்ணுல பிரஷர் ஏறியிருக்கு, சீக்கிரமா வரணும்னு டாக்டர் சொன்னாரு. இதுல செப்டம்பர் நாலுன்னு காட்டுதே?"

அவள் கண் வேறெதிலோ இருந்தது. "ஆப்ல என்ன இருக்கோ அதுதான் மாமா."

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மே மாதத்தில் அவர் கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். இடப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டார். அவள் கணவன் அப்பாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டார்கள். அவன் அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தான். அவள் கணினியில் அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தாள். ஒன்பது, நான்கு. கைபேசித் திரையில் செப்டம்பர் நான்கு வந்து நின்றது.

இடது கண்ணில் போன பார்வை போனதுதான், வலது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

அவள் எதையும் மறைக்கவில்லை. அன்றே மேலாளரிடம் சொன்னாள். தேதி மாறிப்போன நோயாளிகள் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் கூப்பிட்டார்கள். பெரும்பாலோருக்கு நாள் இன்னும் தாண்டவில்லை. ஏபிஐ பழைய வடிவத்துக்கே திரும்பியது. பக்கத்து மேசைக்காரன், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து, எண்கள் எப்படி இடம் மாறின என்று விளக்கினாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"மிஷின் தப்புப் பண்ணும்மா, அது தெரிஞ்சதுதான். நான் கேட்டப்ப நீ ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும் ஸ்கூட்டரின் சாவியை மட்டும் மறுநாள் மகன் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்த பரிசோதனைக்கு அவளே விடுப்புப் போட்டு அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரிப் படியில் கை நீட்டினாள். நீட்டியது அவருடைய இடப்பக்கம். அவர் அதைப் பார்க்காமலே கைப்பிடிச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார்.