வேலாயியின் பெயரில் ஒரு முகவரி

1

இந்தக் கதை எனக்குப் பதுளையில் ஒரு கணினிக் கடையில் கிடைத்தது. சொன்னவள் கலாராணி, எழுதுங்கள் என்று கேட்டவளும் அவள்தான். மூன்று தொடக்கங்கள் வீணாயின. 'அப்புத்தளையில் பனி இறங்கிய ஒரு' — வேண்டாம். பனியைப் போட்டு இதை மூடப் பார்க்கிறேன்.

2

2007. ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த கலாராணி, இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய சொந்தங்களைத் தேடுவோருக்காக ஓர் இணையதளம் கட்டினாள். அதில் ஒரு பக்கம் அம்மா வேலாயிக்கு. அம்மா தேடியது தன் தம்பி அழகரை. பக்கத்தின் முகவரி ஒரு கேள்விக்குறியிலும் 47 என்ற எண்ணிலும் முடிந்தது. தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போன ஒருவரிடம் அழகருக்காக அதைக் கொடுத்தனுப்பினாள்.

பிறகுதான் அம்மாவுக்குத் திரையைக் காட்டினாள். ஆயுசு முழுக்கச் செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பேரேட்டில் எண்ணாக இருந்தவள் வேலாயி.

"இங்கயும் நம்பர்தானா புள்ள? எனக்குப் பேரு இருக்குல்ல."

கலாராணிக்குச் சுருக்கென்றது. அன்றே ரூட்டை மாற்றினாள். (எந்த முகவரி கேட்டு வந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தளத்துக்குச் சொல்லிவைக்கும் விதிதான் ரூட்.) எண் போய் 'வேலாயி' வந்தது. தவறான முகவரியோடு வருகிறவர்களுக்குப் 'பக்கம் இல்லை' என்று காட்டுவது வழக்கம். தேடி வந்தவர்களிடம் இல்லையென்று சொல்வது அழகா என்றாள் அம்மா. ஆகவே தெரியாத முகவரி எதுவானாலும் தேயிலைப் படம் போட்ட முகப்புக்கு அழைத்துப் போ என்று கடைசியில் ஒரு விதி.

(கூடலூருக்குப் போன பழைய எண்ணைப் புதிய பெயரோடு இணைக்க இன்னும் ஒரே ஒரு வரி போதும். அது அவளுக்குத் தோன்றவில்லை. இந்த அடைப்புக்குறியை மூட எனக்கு மனம் வரவில்லை

3

இரண்டு வருடம் கழித்து, கூடலூர் ஆளிடம் கலாராணியின் போன் எண்ணை வாங்கி அழகரின் மகள் அழைத்தாள். அப்பா போன மாதம் இறந்துவிட்டார் என்றாள்.

"நாலஞ்சு தடவ தொறந்து பாத்தோம். தேயிலப் படம்தான் வந்துச்சு. அக்கா நம்மள வேணாம்னு பக்கத்த எடுத்துட்டாங்கன்னு அப்பா நெனச்சுக்கிட்டாரு."

போனை வைத்ததும் கலாராணி அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். பழைய முகவரி இப்போது ஒழுங்காகத் திறக்கிறது.

4

அழகரைப் பிழைக்க வைத்து ஒரு முடிவு எழுதினேன். கலாராணி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "வேணாம் அண்ணே. இத நம்ப ஆசையா இருக்கு."

பழியைக் கூடலூர் ஆள்மேல் போட்டு இன்னொன்று. அதை நானே கிழித்தேன்.

ஞாயிறுதோறும் வேலாயி, "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பாள். இல்லம்மா என்பாள் மகள். இனி அது பொய். உண்மையைச் சொன்னாலோ, தம்பியைத் திருப்பி அனுப்பியது தான் ஆசைப்பட்ட பெயரும் தான் காட்டிய மரியாதையும்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை. இன்று ஞாயிறு. வேலாயி கேட்டுவிட்டாள். கலாராணி உங்களைத்தான் பார்க்கிறாள்.